செவலையின் இடுப்பில் கை வைத்துப் பார்த்தவருக்கு

எங்கள் பசு செவலை சினையாகியிருக்கிறது. நேற்று மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே "சினை நின்றுவிட்டது" என்றபோது, தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கன்று ஈன்ற பின் செவலை மெலிந்து நோயில் விழுந்த இந்த ஆண்டு, எங்கள் தொழுவம் என்ன பாடுபட்டது என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அப்போது என் பக்கத்திலேயே நின்றீர்கள். அதை மறுபடி விவரிக்கும் தெம்பு எனக்கு இல்லை. நன்றி சொல்ல மட்டுமே எழுதுகிறேன்.

நள்ளிரவில் அழைத்தும் முகம் சுளிக்காமல் வந்து குளுக்கோஸ் ஏற்றிய மருத்துவர், உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரையும்போது இரத்தத்தில் ஏறும் கீட்டோன் அளவை அன்றன்றைக்கே சோதித்துச் சொன்ன ஆய்வகப் பெண், என் மற்ற மாடுகளைக் கறந்து கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, கேட்காமலேயே பசுந்தீவனக் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டவர்கள், சினை ஊசி போட விடியற்காலையில் வந்தவர், "இன்றைக்கு அசைபோட்டதா?" என்று தினமும் விசாரித்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தவர் வேறொருவர். தீவன மூட்டை இறக்க வந்த பெரியவர்.

செவலை நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்து, தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி ஆறு மூட்டை வரவழைத்திருந்தேன். ஆறையும் இறக்கி அடுக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "மாட்டைத் தொட்டுப் பார்க்கலாமா, அம்மா?" என்று கேட்டார். பல வருடங்கள் பால் பண்ணையில் மாடு பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் என்னைக் கை வைக்கச் சொன்னார். முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் குட்டை எலும்புகளின் முனைகள், சீப்பின் பற்களைப் போல ஒவ்வொன்றாக விரலில் தட்டின. பிறகு வாலடியின் இரண்டு பக்கமும் தடவச் சொன்னார். விரல் பள்ளத்தில் இறங்கியது. "ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஒன்று எலும்பும் தோலும், ஐந்து கொழுப்பு மூட்டை. இது இப்போது இரண்டேகால். கன்று ஈன்றபோது எப்படி இருந்தது?"

உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தது என்றேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் நாலுக்குக் குறைந்திருக்காது. கொழுத்து ஈன்ற மாடுதான் வேகமாக மெலியும், அம்மா."

ஈன்ற பிறகு பால் நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். தீனி எடுக்கும் அளவு உச்சத்தை எட்டப் பத்து வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் விழும் பற்றாக்குறையை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. அரை மதிப்பெண் இறங்குவது இயல்பு. பெரிய உடல்வாகு கொண்ட மாட்டுக்கு ஒரு முழு மதிப்பெண் என்பது ஏறக்குறைய 50 கிலோ. கொழுத்த மாடு ஈன்றதும் தீனியில் நாட்டம் குறைந்து இன்னும் அதிகமாகக் கரைகிறது. கரைந்த கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குவிகிறது. தன் உயிருக்கே தீனி பற்றாத உடம்பு அடுத்த கருவுக்கு இடம் கொடுக்காது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் சுரப்பு மங்கி, கருமுட்டை முதிராமல், பருவ அறிகுறியே வெளியில் தெரியாமல் போகிறது. இவ்வளவையும் அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, எனக்குப் புரியும் வார்த்தைகளில் சொன்னார். "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற தொனி ஒரு இடத்தில்கூட இல்லை.

அடுத்து மயிலையிடம் போனார். அது அப்போது கறவை வற்றிய நிறைமாதச் சினை. அழுத்திப் பார்த்தும் எலும்பு முனை லேசாகத்தான் தட்டுப்பட்டது. "இதுவும் நாலை நெருங்குகிறது" என்றார். உடனே தீவனத்தைக் குறைக்கிறேன் என்று நான் பதறினேன். "கூடாது. இந்த நேரத்தில் மெலிய வைத்தால் ஈனுவதற்கு முன்பே ஈரல் அடிபடும். ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம், இப்படியே பிடித்து நிறுத்துங்கள்." காரியின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சரிசெய்வதென்றால் இந்த நிலையில் சரிசெய்ய வேண்டும்" என்றார். காரி சினையோடு கறந்துகொண்டிருந்தது. பால் பாதியாகக் குறைந்த பிறகும் உச்சக் கறவைக்கு வைத்த அதே தீவனத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். செவலை கொழுத்ததும் அப்படித்தான். கறவை வற்றும்போதே மூன்றேகால் அளவில் இருந்து, அதே உடம்போடு ஈனுவது நல்லது என்றார்.

பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. இறக்கி அடுக்கிய ஆறில் நாலு மூட்டையைத் திரும்பத் தூக்கி வண்டியில் ஏற்றினார். "இவை இப்போது வேண்டாம். வயிறு பழகாமல் அடர்தீவனத்தைக் கொட்டினால் அமிலம் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நல்ல நார்த்தீவனம் எப்போதும் முன்னால் கிடக்கட்டும்." ஏற்றுகூலியை நீட்டினேன். வாங்கவில்லை. அந்த வயதில், அந்த முதுகோடு, இறக்கிய சுமையை எனக்காக மறுபடி சுமந்தார்.

தினமும் இரண்டு வேளை கறக்கிறவள் நான். பால் எத்தனை லிட்டர் என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. ஈன்ற முதல் வாரங்களில் செவலை வாளி நிரம்பக் கொடுத்தபோது சந்தோஷப்பட்டேன். அது தன் உடம்பை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு என்னை விட்டு எளிதில் போகாது.

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று மாடுகளையும் தடவிப் பார்த்துத் தொழுவத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் மதிப்பெண் எழுதுகிறேன். நான் மாடு வைத்திருக்கும் வரை இதை நிறுத்த மாட்டேன். கேட்டு வருகிறவர்களின் விரலுக்கும் அந்த எலும்பு முனைகளைக் காட்டிக்கொடுப்பேன். மயிலை ஈன்ற பின் முக்கால் மதிப்பெண்தான் இறங்கியது. செவலைக்கு முதல் ஊசி போட்டபோது சுவரில் எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, சினை நிற்கவில்லை. எண் ஏறத் தொடங்கிய பிறகு போட்ட இரண்டாவது ஊசிதான் நின்றது.

ஐயா, அடுத்த முறை மூட்டை கொண்டுவரும்போது ஒரு நிமிடம் தொழுவத்துக்குள் வாருங்கள். செவலைக்கு நான் மூன்று போட்டிருக்கிறேன். கால் மதிப்பெண் கூடவா குறையவா என்று உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.