சிறுநீரகம் தயாராகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 'ஆய்வகத்தில் சிறுநீரகம் தயார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே முழுச் சிறுநீரகத்தின் படம். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு என் நாத்தனார் வந்தாள். "அதான் புதுசாவே செய்யறாங்களாமே அண்ணி, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்றாள். தன் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம் தரச் சம்மதித்து, பரிசோதனையெல்லாம் முடித்தவள் அவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடம்பை அறுத்துக் கொடுக்க யாருக்குத்தான் பயமிருக்காது?

என் கணவர் மூன்று வருடமாக வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் இருக்கிறார்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? கருவின் ஐந்தாவது வாரத்தில் சிறுநீர்க்குழாய் மொட்டு கிளம்பி, பக்கத்துத் திசுவுக்குள் நுழைகிறது. மொட்டு தூண்டத் திசு நெஃப்ரானாகிறது, அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகாகிறது. திசு தூண்ட மொட்டு கிளைவிடுகிறது. ஏறத்தாழ 36-ஆவது வாரத்தோடு புது நெஃப்ரான் உண்டாவது நின்றுவிடும். பிறகு ஆயுசுக்கும் இருப்பது அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானி மெலிசா லிட்டிலின் குழுவினர், பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்து 2015-இல் வெளியிட்டது சில மில்லிமீட்டர் திசு. முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தைப் போன்றது. அதில் ரத்த ஓட்டம் இல்லை, சிறுநீர் வெளியேற வழியில்லை. மருந்துகளின் நச்சைச் சோதிக்கவும் பரம்பரை நோய்களை ஆராயவும் அது பெரிய வரம், மனதார மகிழ்கிறேன். 'மனிதருக்குப் பொருத்தப் பல ஆண்டுகள் ஆகலாம்' என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், கடைசிப் பத்தியில். என் நாத்தனார் அதுவரை படிக்கவில்லை.

போன கோடையில் 'சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் இளநீர்' என்று எழுதினீர்கள். நான் ஊரில் இல்லாத மூன்று நாளும் பக்கத்து வீட்டார் அன்போடு வெட்டிக் கொடுக்க, இவரும் ஆசைக்குக் குடித்துவிட்டார். இளநீரிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி ரத்தத்தில் ஏறி, நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அப்போதும் தங்களுக்கு எழுதினேன். ஒரு வரி பதில் வரவில்லை. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம்.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'தயாராகவில்லை' என்று ஒரு திருத்தம் போடுங்கள். வரும் ஞாயிறே வந்தால் நல்லது. நாத்தனாரிடம் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கும் தேதி இந்த மாதம் 28.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாரூர்