அம்மாவுக்குச் சோறு பிடிக்காமல் போனது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முதியவர்களின் இதயநோய் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். மாத்திரையின் அளவைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு வயது 80, எடை 42 கிலோ. இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று டிகாக்ஸின் 0.25 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் ஒன்று போடச் சொன்னார்கள். மூன்றாவது வாரத்தில் சோறு இறங்கவில்லை. ரசம் சாதத்தைக் கண்டாலே குமட்டல். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் ட்ரபிள் என்று இன்னொரு மாத்திரை சேர்ந்தது. ஒருநாள் காலையில் மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38. வேறொரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் டிகாக்ஸின் உடம்பில் தேங்கிக் கிடப்பது தெரிந்தது. அதை நிறுத்திய ஐந்தாம் நாள் அம்மாவே காபி கேட்டார்.

இந்த மருந்தில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ரத்தத்தில் பார்க்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் அம்மாவுக்கு 1.1. ரிப்போர்ட்டில் 'நார்மல்'. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் அது ஊறுவதே குறைவு. அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நல்லபடியாகவே தெரியும். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தை, வயதையும் எடையையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கு 1976 முதல் இருக்கிறது. அதில் அம்மாவுக்கு வந்தது நிமிடத்துக்கு 27 மில்லிதான். அரை நிமிட வேலை, யாரும் போட்டுப் பார்க்கவில்லை. எடைகூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

முதியவர்களுக்கு டிகாக்ஸின் கொடுத்தால் நாளுக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று முதியவர்களுக்குக் கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் சொல்கிறது. கூடவே நீர் மாத்திரை போடுபவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து அதிகம். இது நல்ல மருந்துதான். நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இப்போது அம்மாவுக்கு அரை மாத்திரை, அதுவும் வாரத்தில் ஐந்து நாள் மட்டும். புது டாக்டர் சீட்டின் அடியில் தமிழிலேயே எழுதியிருக்கிறார்: 'சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்றால் உடனே வரவும்.' இந்த ஒரு வரியை எல்லா டாக்டர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்