எம்.எல்.ஏ.வுக்கு ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு நாற்காலி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெறுநர் என்று ஆட்சியரைப் போட்டுவிட்டு, அடியில் முதலமைச்சர் தொடங்கி மனித உரிமை ஆணையம் வரை பத்துப் பேருக்கு நகல் போடுகிறார்கள். பத்து அலுவலகத்திலும் அது "நகல்தானே" என்று கோப்பில் கட்டப்படும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவோ, எந்தக் காவல் நிலையத்தின் மீது புகாரோ அந்த நிலையத்துக்கே "உரிய நடவடிக்கைக்காக" போய்ச் சேரும். இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. தபால் பிரிவின் வேலையே அதுதான்.

எல்லா ஆணையங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாநில ஆணையத்திலோ, சட்டப்படி அமைந்த வேறு ஆணையத்திலோ நிலுவையில் உள்ள புகாரைத் தேசிய மனித உரிமை ஆணையம் விசாரிக்கக் கூடாது என்கிறது 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 36. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டாலும் அதே தடைதான். ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பலர் தட்டாத கதவு ஒன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆவது விதி, மாவட்டந்தோறும் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. ஆட்சியர் தலைவர். அந்த மாவட்டத்தின் எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் காவல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரிலிருந்து அலுவல்சாரா உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குழு கூடியாக வேண்டும். "சட்டமன்றத்தில் எங்களுக்காகப் பேசுங்கள்" என்று எம்.எல்.ஏ.விடம் போய் நிற்கிறோம். அங்கே கேள்விக்கு வரிசை, பதிலுக்குக் காத்திருப்பு. இந்தக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டிய எஸ்.பி. அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

குழு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். கடைசி நான்கு கூட்டங்களின் தேதி, வருகைப் பதிவு, கூட்டப்பொருள், நடவடிக்கைக் குறிப்பின் நகல் என இந்த நான்கை மட்டும் கேளுங்கள். "ஏன் கூட்டவில்லை?" என்று எழுதாதீர்கள். ஆவணத்தில் இல்லாத காரணத்தைக் கேட்டால், அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "கூட்டம் நடைபெறவில்லை" என்றே பதில் வந்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு 16ஆவது விதிப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். அங்கே அனுப்ப அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. டிசம்பர், ஜூன் முதல் வாரத்தில் அனுப்பினால்தான் கூட்டப்பொருளில் ஏற வாய்ப்பு.

கூட்டம் நடக்கிறது என்றால் உறுப்பினர் கையில் எட்டுப் பக்க வரலாற்றைக் கொடுக்காதீர்கள். ஒரே தாளில் ஓர் அட்டவணை போதும்: காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், தேதி, குற்றப்பத்திரிகை தேதி, கடந்த நாட்கள், தீருதவி (பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை) வழங்கிய தேதி. மார்ச் 4இல் பதிவான வழக்கு, ஜூன் 24இல் கூட்டம் என்றால் அன்று 112ஆம் நாள். 7ஆவது விதி விசாரணைக்கும் குற்றப்பத்திரிகைக்கும் சேர்த்துத் தருவது 60 நாள். ஆக 52 நாள் கூடுதல். அந்த 52 என்ற எண்ணைத்தான் எம்.எல்.ஏ. வாசிக்க வேண்டும். "கடுமையான நடவடிக்கை தேவை" என்று அவர் பேசினால் குறிப்பில் "உறுப்பினர் வலியுறுத்தினார்" என்று ஏறும், அத்தோடு முடிந்தது. அதே விதியில், 2016 திருத்தத்துக்குப் பின், தாமதத்துக்கான காரணத்தை விசாரணை அதிகாரி எழுத்துமூலம் விளக்க வேண்டும் என்றும் இருக்கிறது. "7(2ஏ) விளக்கத்தைக் குழுவின் முன் வைக்கவும்" என்று கேட்டால், இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டே பதில்தான்.

சாக்குகளையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. சாதிச் சான்று வரவில்லை, தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, எதிர்வழக்கு இருக்கிறது என்பவைதான் வழக்கமாக வரும். பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்று தருவது வட்டாட்சியர்; அவருக்கும் மேலே இருப்பவர் அந்தக் கூட்டத்தின் தலைவர்தான். உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள் என்பது 12ஆவது விதி. தீருதவி தவணை தவணையாக வரும். கொலை வழக்கில் உடற்கூறாய்வு முடிந்ததும் பாதித் தொகை, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றதும் மீதி. பல குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே 25 சதவீதம். எந்தத் தவணை நிற்கிறது என்று எழுதாமல் "தீருதவி வரவில்லை" என்று பொதுவாக எழுதினால், ஏற்கெனவே கொடுத்த தவணையைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள். இன்னொரு எச்சரிக்கை: அட்டவணையில் பாதிக்கப்பட்டவர் பெயர் வேண்டாம், வழக்கு எண் போதும். பாலியல் குற்றமென்றால் அடையாளத்தை வெளியிடுவதே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72இன் கீழ் குற்றம்.

அதிகாரி எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வழக்கு தோற்றால் கோளாறு சட்டத்தின் வாசகத்தில் இருக்கலாம். கடும் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை தரும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(2)(v) இதற்குச் சரியான உதாரணம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் "என்ற காரணத்தால்" குற்றம் நடந்தது என்று 1989 வாசகம் சொன்னது. கொலையே நிரூபணமானாலும், காரணம் சாதிதான் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு இந்தப் பிரிவை நீதிமன்றங்கள் கழற்றிவிட்டன. 2015 திருத்தம் அதைச் சாதி "தெரிந்தே" செய்த குற்றம் என்று மாற்றியது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவருக்குச் சாதியும் தெரிந்திருக்கும் என்று, மாறாக நிரூபிக்கப்படாத வரை, நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று பிரிவு 8இலும் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. "சட்டத்தை வலுப்படுத்துக" என்ற கோரிக்கையை வைத்து எந்த வரைவாளரும் ஒரு வரி எழுத முடியாது. எந்தச் சொல்லை எடுப்பது, அந்த இடத்தில் எதை வைப்பது என்று எழுதிக் கொடுத்தால்தான் முடியும்.

இப்படிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா, அதை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதிகள் கேட்பார்கள்; மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும் என்பதால் வரைவை முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். இடப்பக்கம் மசோதா வாசகம், வலப்பக்கம் மாற்று வாசகம், கீழே இரண்டு வரியில் காரணம். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும். பெருமைக்காக அதை முகநூலில் போட்டால் நாடாளுமன்றத்தின் உரிமையை மீறியதாகலாம். நேரில் கருத்துச் சொல்ல விருப்பம் என்பதையும் அந்த மனுவிலேயே குறிப்பிட வேண்டும். அழைப்பதா இல்லையா என்பது குழுவின் முடிவு.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பணியாளர்கள் சிலர்