நம்பர் இருக்கிறது, கோப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் ராணுவத்தினருக்கான சலுகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உபயோகமான கட்டுரைதான். ஆனால் 'பணி ஆவணங்களின் நகலை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும்' என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது பாருங்கள், அந்த வரியில்தான் நாங்கள் ஒன்றரை வருஷமாக மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

என் அப்பா 1963-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். சீன யுத்தம் முடிந்து ஊர் ஊராக ஆள் எடுத்த நேரம். 1965 சண்டையோடு இடது காது போயிற்று. 1971 தொடக்கத்தில் மெடிக்கல் போர்டு வைத்து, கையில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு வருஷ சர்வீஸ். சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருஷம் வேண்டும் என்பதால் அவரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. இரண்டு கறவை மாடு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணியால் ஏற்பட்ட ஊனத்துக்குத் தனியாக ஓய்வூதியம் உண்டு, அதற்கு அந்த 15 வருஷக் கணக்குக் கிடையாது என்பது அவருடைய 79-வது வயதில், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"டிஸ்சார்ஜ் புக் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் சுபேதார். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். புத்தகத்தின் அட்டை மட்டும் இருந்தது, உள்ளே கறையான் மண். பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்த ராணுவ எண்ணாவது உதவும் என்று பார்த்தால், அம்மா என்றைக்கோ அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து விதை நெல் போட்டு வைத்திருந்தார்.

அந்த எண் இல்லாமல் எதுவும் நகராது. பலர் நினைப்பதுபோல எல்லாருடைய கோப்பும் டெல்லியில் இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். அங்கே போய் 'குடியாத்தம் பக்கத்து முனுசாமி' என்று கேட்டால் எந்த முனுசாமி என்பார்கள்.

சரி, பட்டாளத்துக்காரர் எதை மறந்தாலும் நம்பரை மறக்க மாட்டார் என்பார்களே, அது உண்மைதான். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது அப்பாவுக்கு நினைவிருக்காது. நம்பரைக் கேட்டால் உடம்பை நிமிர்த்திக்கொண்டு மளமளவென்று ஒப்பிக்கிறார், இந்தியில். அவருக்கு அந்த எண் தமிழில் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுதிக்கொண்டோம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து மனு அனுப்பினேன். 'இந்த எண்ணில் இந்தப் பெயரில் எவரும் இல்லை' என்று பதில் வந்தது.

விஷயம் இதுதான்: இந்தியில் நாலு 'சார்', ஏழு 'சாத்'. அப்பாவுக்கு முன்பல் ஒன்றும் கிடையாது. அவர் வாயிலிருந்து இரண்டும் வெறும் 'சா'வாகத்தான் வருகிறது. கடைசியில் சாமி அலமாரியில் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்த 1965 ரக்ஷா மெடலை அம்மா எடுத்து, புளி போட்டுத் தேய்த்தார். மெடலின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள் என்று சுபேதார்தான் சொன்னார். பேத்தி செல்போன் வெளிச்சத்தில் படித்தாள். ஏழு!

மறுபடியும் ஒரு மனு, மறுபடியும் 10 ரூபாய். இந்த முறை 30 நாளுக்குள்ளேயே பதில் வந்தது. 'ராணுவ ஒழுங்குமுறை விதிகள், பத்தி 595-இன்படி, ஓய்வூதியம் பெறாதவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்பட்டன.' கூடவே 'லாங் ரோல்' என்கிற நிரந்தரப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்க நகல். எண், பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, மருத்துவக் காரணம் என்று ஒரு சொல். என்ன காரணம், எந்தக் காது, எத்தனை சதவீதம், ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "அப்படின்னா உங்கப்பா பட்டாளத்துக்கே போகலைங்கறாங்களா?" என்றார்.

அந்த அலுவலகத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. விதிப்படி செய்தார்கள். என் வருத்தம் விதியின் மேல். பென்ஷன் வாங்குபவருக்குப் பழைய காகிதத்தால் ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. பென்ஷன் இல்லாதவருக்குத்தான் தன் உரிமையைக் காட்ட அந்தக் கோப்பு வேண்டும். 25 வருஷக் கெடு அவருடைய கோப்புக்குப் போய் வைத்திருக்கிறார்கள்! அப்பாவின் கணக்கில் கெடு 1996-இல் முடிந்தது. கேட்டு வாங்க வழி செய்த தகவல் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். வழக்குக்கென்று ராணுவத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது 2009-இல். ராணுவத்தில் சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த குறை பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013-இல். நல்ல தீர்ப்பு. ஆனால் சேரும்போது செய்த பரிசோதனைத் தாளும், அனுப்பும்போது போர்டு எழுதிய தாளும் இருந்தால்தானே அதைச் சொல்லிக் கேட்க முடியும்?

அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டிய ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை ராணுவக் கோப்புகள் எரிந்துபோயின. அதோடு கைவிரிக்கவில்லை அவர்கள். சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக் குறிப்பு என்று கிடைப்பதை எல்லாம் பொறுக்கி, எரிந்த கோப்புக்குப் பதில் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தீயே பிடிக்கவில்லை. கோப்பை அழித்தது நாம்தான் என்னும்போது, லாங் ரோலையும் மெடலையும் இன்றைய காது பரிசோதனையையும் வைத்து ஒரு முடிவு எடுக்கக் கூடாதா? காகிதம் இல்லாததன் பாரம் ஏன் 81 வயதுக் கிழவர் தலையில் விழ வேண்டும்?

இன்னொன்று. 2001-இல் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் கோப்புக்கு 2026-இல் கெடு முடிகிறது. இதைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் 10 ரூபாய் செலவழித்து இப்போதே முழு நகலும் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் குழு அறிக்கையைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், நாலு வருஷத்தில் திரும்பப் போகிற அக்னிவீரர்கள் இருக்கிறார்கள். நூற்றில் 75 பேர் பென்ஷன் இல்லாமல்தான் வருவார்கள். அவர்கள் கோப்பெல்லாம் கணினியில் இருக்கும் என்பார்கள். இருக்கட்டும், கெடு அதே 25-தானா என்பதை யாராவது சொன்னால் தேவலை.

கிடைத்த ஒற்றைத் தாளையும் மெடலின் போட்டோவையும் வைத்து மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இந்தக் கடிதத்தை அப்பாவின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நம்பரைப் போட்டியா?" என்றார். பத்திரிகையில் அதையெல்லாம் போட மாட்டார்கள் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம்