சொகுசுக் கார் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியில் பழைய கார்களை வாங்கி விற்கும் தொழில் செய்கிறேன். நீங்கள் விற்கும் கார்களின் மறுவிற்பனை மதிப்பு இவ்வளவு வேகமாக இறங்குவதற்கு உங்கள் கையில் உள்ள காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

உங்கள் கையில் இல்லாத காரணங்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். வரிக்கு முன் 50 லட்சம் ரூபாய் பெறும் பெரிய பெட்ரோல், டீசல் கார், 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து ஷோரூமிலேயே 70 லட்சம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல், 20 லட்சத்தைத் தாண்டிய கார்களுக்குத் தமிழ்நாட்டில் 20 விழுக்காடு ஆயுள்காலச் சாலை வரி. முதல் உரிமையாளர் கட்டிய இந்த வரிகளை இரண்டாமவர் முழுதாக ஈடுகட்டித் தருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. புது மாடல் வந்தால் பழையது இறங்குவதும், ஆண்டுக் கடைசியில் நீங்கள் தரும் தள்ளுபடி பழைய காரின் விலையையும் இழுத்துக்கொண்டு போவதும் வணிகத்தில் உள்ளவைதாம்.

ஆனால் காரின் மதிப்பைக் குறிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் போடும் கணக்கைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்கு 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, பிறகு ஆண்டுக்குப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு என்ற தேய்மான விகிதம் சிறிய காருக்கும் உங்கள் காருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. காகிதத்தில் ஒன்றாக இருப்பது சந்தையில் ஏன் ஒன்றாக இல்லை? சாதாரணக் கார் பல நேரங்களில் இந்தக் கணக்குக்கு மேலே விலை போகிறது. உங்கள் கார் கீழே போகிறது. என்னிடம் வருபவர்கள் காரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது, "ஸ்பேர் என்ன விலை, இங்கே யார் பார்ப்பார்கள்?" என்பதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில் நின்ற, ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்) உள்ள காரை விலை பேசப் போனேன். முன்பக்க இடது மூலை அமிழ்ந்து, மட்கார்டு டயரைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு. காற்று கசியக் கசிய, அதை ஈடுகட்டக் காற்றடைக்கும் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் சூடேறிப் பழுதாகும். ஒரு செலவு இரண்டாகிவிடும். பையைக் கழற்றி மாட்ட எங்கள் ஊர் மெக்கானிக்குக்குத் தெரியும். மாட்டிய பிறகு வண்டியின் உயரத்தைக் கணினி வழியே சரிசெய்யும் மென்பொருள்தான் அவரிடம் இல்லை. அதற்காக அந்தக் காரை லாரியில் ஏற்றி, சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, 70 லட்சம் ரூபாய்க் கார் 15 லட்சத்துக்கு இறங்கிவிட்டாலும் அதன் உதிரிபாகம் 70 லட்சம் ரூபாய்க் காரின் உதிரிபாகமாகவே இருக்கிறது என்பதுதான். 15 லட்சம் புரட்டக்கூடியவர், எந்த நேரத்தில் எவ்வளவு பில் வரும் என்று தெரியாத பொருளை ஏன் வாங்குவார்? அந்த அச்சத்துக்கு ஈடாக அவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் வீடு திறக்கும் குடும்பங்களின் கார்கள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பதால் பேட்டரி இறங்கிக் கோளாறு விளக்குகள் எரிவதும் இங்கே வழக்கம். அவற்றில் பலவும் பெரிய பழுதல்ல என்று சொல்லக்கூட உள்ளூரில் ஆள் இல்லை.

பழம்பொருள் விற்கும் எங்கள் முனீஸ்வரன் கோவில் தெருவில் நூறாண்டு பழைய பர்மாத் தேக்குத் தூணுக்கு இன்றும் நல்ல விலை கிடைக்கிறது. அதைச் செப்பனிடும் ஆசாரி ஊரிலேயே இருக்கிறார், அவர் கூலி என்ன என்பதும் வாங்குபவருக்குத் தெரிகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இது உங்களுக்குப் புதிய குறையல்ல. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; உங்களில் சிலரும் அந்தப் பட்டியலில் இருந்தீர்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழுவும் வாகனத் துறையைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வழக்கும் மேல்முறையீடும் ஒருபுறம் நடக்கட்டும். அவற்றுக்காகக் காத்திராமல் நீங்களாகவே செய்யக்கூடியவை உண்டு.

உத்தரவாதக் காலம் முடிந்த ஒவ்வொரு மாடலுக்கும் உதிரிபாக விலையை எவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். தகுதியுள்ள வெளிப் பட்டறைகளுக்கு உங்கள் மென்பொருளை நியாயமான கட்டணத்தில் கொடுங்கள். காரின் சர்வீஸ் வரலாறு, உரிமையாளர் மாறும்போது அவரோடு போய்விடாமல் காரோடு வரும்படி செய்யுங்கள். இவற்றுள் எதை முதலில் செய்வது என்று கேட்டால், விலைப் பட்டியல் என்பேன். அதற்குப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. உங்கள் கணினியில் இருப்பதை எங்கள் கண்ணுக்கும் காட்டினால் போதும். அது எப்போது வெளிவரும் என்று பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி பழைய கார் வணிகர் ஒருவர்