தீயணைப்பு நிலையக் கட்டடப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தில் கட்டிய நம் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் புதுக் கட்டடம் முடிந்து, வண்டிகள் உள்ளே வந்துவிட்டன. கூரை, மின்சாரம், குழாய் வேலைகள் ஒழுங்காக முடிந்தன.

சென்ற கூட்டத்தில் அதிகம் எழுந்த கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். வீட்டு மதிப்பு விழுந்த நேரத்தில் அந்தக் கடன் பத்திரங்களை அடைப்பதற்கான சொத்து வரி விகிதம் ஏன் ஏறியது? பத்திரம் வாங்கியவர்களுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் முன்கூட்டியே முடிவான தொகை. 2008க்குப் பிறகு கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) பல வீடுகளின் மதிப்பைக் குறைத்தது. மொத்த மதிப்பு சுருங்கினால், அதே தொகையைத் திரட்ட விகிதம் கூடத்தான் செய்யும்; மதிப்பு மீண்டால் இறங்கும். 1978இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு வைத்த 1 சதவீத வரம்புக்கு மேல்தான் இந்த வரி வருகிறது. அதனால்தான் கலிபோர்னியாவில் இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த வாக்கை வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "வேலை போன நேரத்தில் வரியா?" என்று வாசலில் நின்று கேட்டவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பணத்தில் ஆள் போட்டிருக்கலாமே என்கிறார்கள். சட்டம் இடம் தராது. இந்தப் பணம் நிலம், கட்டடத்துக்கு மட்டும். சம்பளம் தர முடியாது, ஒரு தீயணைப்பு வண்டிகூட வாங்க முடியாது.

சரி, ஒப்பந்ததாரர் விவகாரம். பழைய வண்டிக்கூடத்தின் தளத்தை உடைத்தபோது, எந்த வரைபடத்திலும் இல்லாத எரிபொருள் தொட்டி ஒன்று மண்ணுக்கடியில் இருந்தது. தொட்டியை எடுக்க, கெட்ட மண்ணை அள்ள, அதோடு 11 வாரத் தாமதத்துக்கும் பணம் கேட்டார். முதல் இரண்டும் நியாயம், கொடுத்தோம். தாமதத்துக்கு மட்டும் 11 வாரத்துக்கும் தர முடியாது என்றோம். தொட்டி இருந்தது பின்பக்கத்தில். முன்பக்க அஸ்திவாரத்தை அவர் தொடர்ந்திருக்கலாம். ஆனால் 6 வாரம் தளத்தில் ஒரு ஆள்கூட இல்லை என்று மேற்பார்வையாளரின் தினக் குறிப்பேடு சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்புறம் 3 மாதம் இழுபறி. கடைசியில் 5 வாரத்துக்குச் சம்மதித்தார். எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி இதில் போனது. பின்பக்க மதில் கம்பி வேலியானது அதனால்தான்.

அவரை நீக்கியிருக்கலாம் என்றார்கள் சிலர். அரைகுறைக் கட்டடத்துக்கு மறு டெண்டர் விட்டால் என்ன விலை கேட்பார்கள்? வரிவிலக்குள்ள பத்திரப் பணத்தில் 85 சதவீதத்தை 3 ஆண்டுக்குள் செலவிடும் திட்டம் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசு விதியும் தலைக்கு மேல் இருந்தது. எங்கள் முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறோம்.

கட்டடத்தோடு ஒட்டாத சாமான்களுக்குப் பத்திரப் பணத்தைத் தொட முடியாததால் நன்கொடை கேட்டோம். கட்டில்கள் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சாப்பாட்டு மேசை தந்த தச்சர், குளிர்பெட்டி வாங்கித் தந்த மூத்தோர் நடைக்குழு, உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், பெயர் வேண்டாம் என்ற 2 குடும்பங்கள், அனைவருக்கும் நன்றி.

இரண்டாவது வண்டிக்கு இடம் தயார்; ஓட்ட ஆள் இல்லை. அந்தச் சம்பளம் நகரின் பொதுநிதியிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்குக் குழு போகிறது. உடன் வருபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பில்கள், தினக் குறிப்பேடு இரண்டும் அவரிடமே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.