வயது மட்டும் எழுதிய ஏடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 2012 முதல் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் நடத்திவரும், பிரபலங்களின் மூதாதையரைத் தேடிக் காட்டும் ‘ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்’ தொடரின் ஈர்ப்பு, அந்தப் பிரபலங்களால் மட்டும் வந்ததன்று. 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப்பட்ட அடிமைப் பட்டியல்களில், உடைமையாளர் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே காணப்படும். விடுதலையான கறுப்பின மக்கள் 1870 கணக்கெடுப்பில்தான் பெயரோடு பதிவாயினர். அதற்கும் முந்தைய ஓர் உயிலில் முப்பாட்டனாரின் பெயர் அகப்பட்டு, அதை வாய்விட்டுப் படித்த விருந்தினர் பேச்சற்று அமர்ந்திருப்பதைக் கண்டு நானும் கலங்கியிருக்கிறேன்.

1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகியவை கப்பல் பட்டியல்களில் உள்ளன. அவர்களின் வழித்தோன்றல்களுக்காக இத்தகைய தொடரொன்றை நம் தமிழ்த் தொலைக்காட்சிகள் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை